கனேனா தோட்டத்தின் இரண்டு ஆலிவ் எண்ணெய்கள்: கசப்பு, கமறல், அழற்சி

தெற்கு ஸ்பெயினில், அந்தலூசியப் பகுதியின் ஹயேன் மாகாணத்தில், உபெதா நகருக்கு அருகே கனேனா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து வரும் காஸ்டில்யோ தே கனேனா நிறுவனத்தின் ‘ரெசர்வா ஃபமிலியார்’ வரிசையில் உள்ள இரண்டு எக்ஸ்ட்ரா வெர்ஜின் (சுத்திகரிக்காமல் காயிலிருந்து நேரடியாகப் பிழிந்த, உயர்ந்த தர) ஆலிவ் எண்ணெய்களை இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டேன். ஒன்று பிக்குவல் வகைக் காயிலிருந்து எடுத்தது, மற்றொன்று அர்பெக்கினா. ஒரே குடும்பத்தின் தோட்டம், ஒரே தரக் கவனம், ஒரே விலைத்தட்டு என்பதால், இவற்றின் சுவையில் தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி காயின் இயல்பிலிருந்தே வருகிறது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். ஆலிவ் எண்ணெய்க்குக் கசப்பும் கமறலும் தரும் இயற்கைச் சேர்மங்களான பாலிஃபினால்கள் உடலின் அழற்சியைத் தணிக்கின்றன என்று பரவலாகப் பேசப்படுகிறது. வாங்குகிறவர் அந்தப் பாலிஃபினால்களைத் தம் நாக்காலும் தொண்டையாலும் அடையாளம் காண முடியுமா என்பதைச் சோதிக்க இப்படியொரு இணை மிகவும் ஏற்றது.

ஹயேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிக்குவல். பாலிஃபினால் மிகுந்த வகைகளுள் ஒன்றாக இது அறியப்படுகிறது. இத்தாலியின் புலியா பகுதியில் விளையும் கொரத்தினாவையும், கிரேக்கத்தின் பெலொப்பொனீசில் விளையும் கொரொனேய்க்கியையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அர்பெக்கினாவின் தாயகம் கத்தலோனியா. அது மென்மையானது, இனிமை தூக்கலானது, பாலிஃபினால் குறைவானது.

எண்ணெயைச் சுவைக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சாலட்டில் ஊற்றிச் சாப்பிட்டால் இந்த வேறுபாடு பாதிக்கு மேல் மறைந்துவிடும். தேர்ச்சி பெற்ற சுவைஞர் குழுக்கள் நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, ஏறக்குறைய 28 பாகை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து முகர்ந்த பிறகே சுவைக்கின்றன. கண்ணாடி நீலமாக இருப்பது எண்ணெயின் நிறத்தை மறைப்பதற்காக. பச்சை நிறம் தரத்தின் அடையாளம் என்ற எண்ணம் சுவைஞர்களையும் ஏமாற்றக்கூடியது என்பதை அவர்கள் அறிந்தே இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். வீட்டில் ஒரு சிறு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடேற்றினாலே போதும். வாயில் இட்டதும் பற்களுக்கு இடையே காற்றை உறிஞ்சி, எண்ணெயை நாக்கு முழுவதும் பரவவிட்டு, பிறகு விழுங்க வேண்டும். விழுங்கியபின் சில நொடிகள் பொறுத்திருக்க வேண்டும். முக்கியமான செய்தி அப்போதுதான் வருகிறது.

அர்பெக்கினாவை முகர்ந்தால் பச்சை ஆப்பிளும் பாதாமும், கொஞ்சம் வாழைப்பழ வாசமும் எழுகின்றன. நாக்கில் இனிமையாகப் படர்கிறது. கசப்பு மெலிதாக வந்து உடனே விலகுகிறது. தொண்டையில் ஒரு சிறு உறுத்தலோடு முடிந்துவிடுகிறது. ஆலிவ் எண்ணெயை முதன்முதலாகச் சுவைக்கும் ஒருவருக்கு இதைத்தான் கொடுப்பேன். பிக்குவல் முற்றிலும் வேறு. தக்காளிச் செடியின் இலையைக் கசக்கினால் எழும் வாசமும், அத்தி இலையும், அப்போதுதான் அறுத்த புல்லும் முதலில் வருகின்றன. நாக்கின் பின்பகுதியில் தெளிவான, நேரான கசப்பு நிற்கிறது. விழுங்கிச் சில நொடிகள் கழித்துத் தொண்டையின் அடியில் ஒரு கமறல் எழுந்து, இருமாமல் இருக்க விடுவதில்லை. பழக்கமில்லாதவர்கள் எண்ணெய் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். உண்மையில் கெட்ட எண்ணெயின் அறிகுறிகள் வேறு. காறல் வாடை, குவித்து வைத்த காய் புளித்ததால் வரும் ஊசல் வாடை, பூஞ்சை வாடை, வினிகர்ப் புளிப்பு ஆகியவையே குறைகள். பழவாசம், கசப்பு, கமறல் ஆகிய மூன்றையும் மாட்ரித் நகரிலுள்ள பன்னாட்டு ஆலிவ் கழகம் நற்பண்புகளாகவே கணக்கில் கொள்கிறது.

இந்தக் கமறலின் பின்னணி, உணவு அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த செய்திகளுள் ஒன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மொனெல் வேதிப்புலன் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கேரி போஷம், 1999-ஆம் ஆண்டு சிசிலியின் எரிச்சே நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் புதிய ஆலிவ் எண்ணெயைச் சுவைத்தார். இபுபுரூஃபன் என்ற வலிநிவாரணி மருந்தைத் திரவ வடிவில் விழுங்கும்போது தொண்டையில் ஏற்படும் எரிச்சலை அவர் தம் ஆய்வின் வழியாக ஏற்கெனவே நன்கு அறிந்திருந்தார். எண்ணெயும் அதே இடத்தில் அதே விதமாகக் கமறியது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் அதற்குக் காரணமான சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதையே செயற்கையாகவும் உருவாக்கி, கமறலே இல்லாத சோள எண்ணெயில் கலந்து கொடுத்தபோது அளவுக்கு ஏற்பக் கமறல் வந்தது. ஓலியோகாந்தல் என்று பெயரிடப்பட்ட, பாலிஃபினால்களுள் ஒன்றான அந்தச் சேர்மம், இபுபுரூஃபனைப் போலவே காக்ஸ்-1, காக்ஸ்-2 ஆகிய நொதிகளைத் தடுக்கிறது என்று 2005-இல் நேச்சர் இதழில் அவர்கள் வெளியிட்டார்கள். மிளகாய் உதட்டிலிருந்து நாக்கு வரை எங்கும் எரிக்கும்போது இந்த எண்ணெய் மட்டும் ஏன் தொண்டையோடு நிற்கிறது என்ற கேள்விக்கும் 2011-இல் விடை கிடைத்தது. ஓலியோகாந்தலை உணரும் டிஆர்பிஏ1 என்ற ஏற்பி (நரம்புகளில் எரிச்சலை உணரும் புரதம்), வாய்ப்பகுதியில் பெரும்பாலும் தொண்டையின் பின்புறத்தில்தான் செயல்படுகிறது. மிளகாயின் காரம் வேறோர் ஏற்பியின் வழியே உணரப்படுகிறது.

அழற்சி என்பது உடலின் தற்காப்பு. காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிப்பது அதன் வெளிப்பாடு. அப்போது காக்ஸ் நொதிகள், செல்சவ்விலிருந்து விடுபடும் அராக்கிடோனிக் அமிலத்தைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றும் பாதையின் முதற்படியை நடத்துகின்றன. வலியும் வீக்கமும் பெருமளவில் இவற்றால் தூண்டப்படுபவை. காயம் ஆறியதும் அழற்சி அடங்கிவிட வேண்டும். அடங்காமல், வெளியே தெரியாத சிறு அளவில் ஆண்டுக்கணக்கில் தொடரும் அழற்சிதான் தமனித் தடிப்பு, நீரிழிவு போன்ற நோய்களோடு பிணைத்துப் பேசப்படுகிறது. இரத்தத்தில் சி-எதிர்வினைப் புரதம், இன்டர்லியூகின்-6 ஆகியவற்றின் அளவைக் கொண்டு அதை மதிப்பிடுகிறார்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். நேச்சர் கட்டுரையை எழுதியவர்களே, ஓலியோகாந்தல் செறிந்த எண்ணெயை நாளொன்றுக்கு 50 கிராம் உட்கொண்டால் கிடைப்பது, வலி தீர்க்கப் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் இபுபுரூஃபன் அளவில் ஏறக்குறைய 10 விழுக்காட்டுக்கு ஈடாகும் என்றுதான் மதிப்பிட்டார்கள். 50 கிராம் எண்ணெயில் 450 கலோரி இருக்கிறது. ஆகவே தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்தாக இந்தப் புட்டியை வாங்குவது வீண். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது ஆபத்து. பல ஆண்டுகள், நாள்தோறும், உணவின் ஒரு பகுதியாகச் சிறிய அளவில் உள்ளே போகும் ஒரு பொருள் உடலை எப்படி மாற்றும் என்பதே பொருத்தமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு என் பார்வையில் மிக நேர்த்தியாக விடை தேடிய ஆய்வு ஸ்பெயினில் நடந்து 2008-இல் வெளிவந்தது. நிலைப்பட்ட இதயத் தமனி நோயுள்ள 28 பேருக்கு மூன்று வாரங்கள் வெர்ஜின் ஆலிவ் எண்ணெயும், மூன்று வாரங்கள் சுத்திகரித்த ஆலிவ் எண்ணெயும், நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர் வீதம் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. இரண்டிலும் கொழுப்பு ஏறக்குறைய ஒன்றே. பாலிஃபினால்தான் முதன்மையான வேறுபாடு. வெர்ஜின் எண்ணெய் உட்கொண்ட காலத்தில் இன்டர்லியூகின்-6, சி-எதிர்வினைப் புரதம் இரண்டும் குறைந்தன. ஆலிவ் எண்ணெயின் நன்மையெல்லாம் அதன் முதன்மைக் கொழுப்பான ஓலியிக் அமிலத்தால் மட்டுமே வருகிறது என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு வலுவான மறுமொழி. 28 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் கூடவே நினைவில் கொள்ள வேண்டும். 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 30 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஆலிவ் எண்ணெய் இவ்விரு குறியீடுகளையும் குறைக்கிறது என்று கண்டது. ஆனால் அந்தக் குறைவு மிதமானது.

இவற்றைவிடப் பரவலாக அறியப்பட்ட பிரெடிமெட் ஆய்வில் 7,447 பேர் பங்கேற்றார்கள். எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்த மத்தியதரைக்கடல் உணவை உண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவற்றின் கூட்டு விகிதம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவாக இருந்தது. 2013-இல் வெளியான இதன் முடிவுகள், பங்கேற்பாளர்களைக் குழுக்களாகப் பிரித்ததில் சில இடங்களில் நடந்த குறைபாடுகளால் திரும்பப் பெறப்பட்டு, மறுபகுப்பாய்வுக்குப் பின் 2018-இல் மீண்டும் வெளியிடப்பட்டன; முடிவு பெரிதாக மாறவில்லை. எனினும் அது ஒரு முழு உணவுமுறையைச் சோதித்த ஆய்வு. அதை ஒரு புட்டியின் விளம்பரத்துக்குச் சான்றாகக் காட்டுவது முறையல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் கடைப்பிடிக்கும் கறார் எனக்கு உடன்பாடானது. 2012-ஆம் ஆண்டின் 432-ஆம் எண் விதிமுறை, ஆலிவ் எண்ணெயின் பாலிஃபினால்கள் இரத்தக் கொழுப்புகளை ஆக்சிஜனேற்றத் தாக்கத்திலிருந்து காக்க உதவுகின்றன என்ற ஒரே கூற்றைத்தான் பாலிஃபினால்களுக்காக அனுமதிக்கிறது. அதற்கும் 20 கிராம் எண்ணெயில் குறைந்தது 5 மில்லிகிராம் ஹைட்ராக்ஸிடைரோசால் என்ற பாலிஃபினாலும் அதைச் சார்ந்த சேர்மங்களும் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 20 கிராம் உட்கொண்டால்தான் பலன் என்பதையும் தெரிவிக்க வேண்டும். அந்தக் கூற்றில் அழற்சி என்ற சொல் இல்லை. ஆகவே புட்டியின் மீது அழற்சியை நீக்கும் என்று அச்சிட்டு விற்கப்படும் எண்ணெயை நான் ஐயத்தோடுதான் எடுத்துப் பார்ப்பேன். பாலிஃபினால் அளவை எண்ணாக அச்சிடும் புட்டிகளிலும் எச்சரிக்கை தேவை. அளக்கும் முறைகள் பல இருக்கின்றன. ஒரே எண்ணெய்க்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணைத் தரக்கூடும். எந்த முறையில், எந்த மாதத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணை வைத்து இரண்டு புட்டிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

கசப்பும் கமறலும் புட்டிக்குள் எப்படி வந்து சேர்கின்றன என்பது தெரிந்தால் விலையும் புரியும். காயில் ஓலியூரோபீன், லிக்ஸ்ட்ரோசைடு ஆகிய பாலிஃபினால்கள் சர்க்கரையோடு பிணைந்திருக்கின்றன. காயை நசுக்கும்போது அதிலுள்ள நொதிகள் சர்க்கரையைக் கழற்றிவிட, ஓலாசின், ஓலியோகாந்தல் போன்றவை உருவாகி எண்ணெயில் இறங்குகின்றன. காய் பழுக்கப் பழுக்க எண்ணெய் கூடும், பாலிஃபினால் குறையும். எனவே அக்டோபரில் பச்சைக் காயாகப் பறித்தால் அதே அளவு எண்ணெய்க்கு அதிகக் காய் வேண்டும். அரைத்த கூழை 27 பாகைக்கு மேல் சூடேற்றினால் எண்ணெய் கூடுதலாக வடியும், ஆனால் மணமும் பாலிஃபினாலும் இழப்பாகும். கூழில் நிறையத் தண்ணீர் சேர்த்துப் பிரிக்கும் பழைய முறையில் நீரில் கரையும் பாலிஃபினால்கள் தண்ணீரோடு போய்விடும். ஸ்பெயினில் இன்று பரவலாக இருக்கும், தண்ணீர் அதிகம் சேர்க்காத இருநிலைப் பிரிப்பான்கள் அந்த இழப்பைக் குறைக்கின்றன. இப்படி ஒவ்வொரு படியிலும் எண்ணெயின் அளவை விட்டுக்கொடுத்துத்தான் கமறலைக் காப்பாற்றுகிறார்கள். போதாததற்கு வறட்சி வேறு. 2021-22 பருவத்தில் ஏறக்குறைய 15 லட்சம் டன்னாக இருந்த ஸ்பெயினின் உற்பத்தி, அடுத்த பருவத்தில் 7 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்து, உலகெங்கும் விலையை ஏற்றியது.

சமையலறையில் பிக்குவலைப் பச்சையாகவே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தக்காளியைத் தேய்த்த ரொட்டியின் மேல் ஊற்றி உப்புத் தூவி உண்பது அந்தலூசியர்களின் காலை உணவு. தக்காளி வாசமுள்ள இந்த எண்ணெய்க்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. கொண்டைக்கடலைச் சுண்டல், பருப்புக் கடைசல், வேகவைத்த கீரை ஆகியவற்றில் அடுப்பிலிருந்து இறக்கிய பின் ஊற்றினால் கசப்பு உணவோடு இசைந்துபோகிறது. இட்லிப் பொடிக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை; அங்கே நல்லெண்ணெயின் இடத்தை எதுவும் எடுக்க முடியாது. நல்லெண்ணெயிலும் செசமின், செசமோலின் என்று அதற்கே உரிய சேர்மங்கள் இருக்கின்றன என்பதால், ஆலிவ் எண்ணெய் வாங்கியதற்காக அதை ஒதுக்க வேண்டியதும் இல்லை. எக்ஸ்ட்ரா வெர்ஜினைச் சூடாக்கினால் நஞ்சாகிவிடும் என்பது வீண் அச்சம். ஸ்பெயினிலும் கிரேக்கத்திலும் காலங்காலமாக அதில் வதக்கவும் பொரிக்கவும் செய்கிறார்கள். ஆனால் சூட்டில் ஹைட்ராக்ஸிடைரோசால் சார்ந்த சேர்மங்கள் வேகமாகக் குறைகின்றன. பாலிஃபினாலுக்காகக் கூடுதல் விலை கொடுத்த எண்ணெயைத் தாளிப்புக்குப் பயன்படுத்துவது பொருள் இழப்பு. வதக்க வேண்டுமென்றால் அர்பெக்கினாவை எடுங்கள். மீன், முட்டை, மயோனைஸ், கேக் ஆகியவற்றுக்கும் அதன் மென்மை நன்றாக அமைகிறது.

இந்தியக் கடைகளில் வாங்குகிறவர்கள் பெயர்ப்பட்டியில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். பொமாஸ் என்று எழுதியிருந்தால், அது காயைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்து, சுத்திகரித்து, கொஞ்சம் வெர்ஜின் எண்ணெய் கலந்தது. லைட், எக்ஸ்ட்ரா லைட் என்பவையும் சுத்திகரித்த எண்ணெய்களே. கலோரி குறைந்தவை அல்ல. இவற்றில் ஓலியிக் அமிலம் உண்டு, சமைப்பதற்கும் ஏற்றவை. ஆனால் சுத்திகரிப்பில் பாலிஃபினால்கள் பெரும்பாலும் நீங்கிவிடுவதால் அழற்சி பற்றிய இந்தப் பேச்சு இவற்றுக்குப் பொருந்தாது. எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்ற தகுதியும் முழு உத்தரவாதம் அல்ல. கட்டற்ற அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, சுவையில் குறை இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. பாலிஃபினால் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் கிடையாது. முழுத் தகுதியுள்ள எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயிலும் பாலிஃபினால் சொற்பமாக இருக்கலாம்.

நாளொன்றுக்கு 20 கிராம், அதாவது ஏறக்குறைய 22 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால், 500 மில்லிலிட்டர் புட்டி ஒருவருக்கு மூன்று வாரங்களுக்குச் சற்று மேல் வரும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆறு நாள்கூட வராது. அந்தச் செலவை எல்லோராலும் தாங்க முடியாது. அந்த 20 கிராமும் உணவிலுள்ள வேறு கொழுப்புக்குப் பதிலாகச் சேர வேண்டுமே தவிர அதன் மேல் கூடுதலாகச் சேரக் கூடாது, ஏனெனில் அதுவே 180 கலோரி.

இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டால், பாலிஃபினாலைக் கருதி வாங்குகிறவர் தயங்காமல் பிக்குவலை எடுக்கலாம். சுவைக்காகவும் என் தேர்வு அதுவே. கசப்பு பிடிக்காத பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு அர்பெக்கினா நல்லது. நாள்தோறும் விரும்பி உண்ணும் மென்மையான எண்ணெய், அலமாரியில் தூங்கும் காரமான எண்ணெயைவிடப் பயன் தரும். எதை எடுத்தாலும் அறுவடைப் பருவம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, கிடைப்பதில் மிகப் புதியதை வாங்குங்கள். காலாவதி நாள் மட்டும் இருந்தால் போதாது, அது புட்டியில் அடைத்த நாளிலிருந்து கணக்கிடப்பட்டிருக்கலாம். ஒளி, சூடு, காற்று ஆகிய மூன்றும் மாதந்தோறும் பாலிஃபினாலைக் குறைக்கின்றன என்பதால், அடுப்பை ஒட்டிய மேடையில் வைக்காமல் இருட்டான அலமாரியில் வையுங்கள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஐந்து லிட்டர் தகரம் வாங்காமல், திறந்தபின் ஓரிரு மாதங்களில் தீரக்கூடிய சிறிய புட்டியாக வாங்குங்கள்.